வன்னியில் பெரிய பச்சைக்கிளியைத் தேடுவதும் அடையாளம் காண்பதும்

இலங்கையின் வடக்கே வன்னியில் பச்சைக்கிளி இரண்டு வகை. வேப்பமரத்திலும் மின்கம்பியிலும் கொய்யாவிலும் கூட்டமாக வந்து கத்திவிட்டுப் போகும் சாதாரண பச்சைக்கிளியை எல்லோருக்கும் தெரியும். மற்றது பெரிய பச்சைக்கிளி. அதே பச்சை, அதே சிவப்புச் சொண்டு, ஆனால் உடம்பு பெரிது, தோளில் கடும் சிவப்பில் ஒரு திட்டு, குரலும் தடிப்பு. காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களே இரண்டையும் பொதுவாகக் கிளி என்று சொல்லிவிட்டுப் போவதால், பெரியது ஓரிடத்தில் இல்லாமல் போனாலும் அது யாருக்கும் தெரியவராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிரித்துப் பார்க்கப் பழகியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தாலே இந்தப் பறவைக்குப் பெரிய உதவி.

முதலில் தோளைப் பாருங்கள். சிறகு மடித்து இருக்கும்போது அதன் மேல்பகுதியில், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, அரக்குச் சிவப்பில் நீளமான திட்டு ஒன்று தெரியும். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, குஞ்சுக்கும் மங்கலாக உண்டு. சாதாரண பச்சைக்கிளிக்கு எந்த வயதிலும் இது கிடையாது. எனவே சிவப்புத் தோள் தெரிந்துவிட்டால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை, அது பெரிய பச்சைக்கிளிதான். சிக்கல் என்னவென்றால், பறவை உங்களைப் பார்த்தபடி நேரே இருந்தால் திட்டு மறைந்துவிடும், இலைக்குள் இருந்தாலும் மறைந்துவிடும். கீழே நின்று தலைக்கு மேலே பறப்பதைப் பார்த்தால் வயிறும் வாலும் மட்டும்தான் தெரியும். குளக்கட்டின் மேல் நின்று பார்ப்பது நல்லது என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதற்காகத்தான். கட்டுக்குக் கீழே வயல் பக்கமாகப் போகும் கிளி உங்கள் கண் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ பறக்கும், அப்போது சிறகின் மேல்பக்கம் முழுதாகத் தெரியும்.

தோள் தெரியவில்லை என்றால் சொண்டுக்கு வாருங்கள். பெரிய கிளியின் சொண்டு தலைக்குப் பொருந்தாத அளவுக்குத் தடித்தது, மேலும் கீழும் சிவப்பு, நுனியில் மட்டும் மஞ்சள் சாயல். நம்மூர்ச் சாதாரண கிளிக்கு மேல்சொண்டு சிவப்பு, கீழ்ச்சொண்டு கறுப்பாக இருக்கும். அளவைப் பொறுத்தவரை சாதாரண கிளி வாலோடு சேர்த்து 40 செ.மீ. அளவு, பெரியது 56 முதல் 62 செ.மீ. வரை போகும். அதில் பாதிக்கு மேல் வால்தான் என்பதால் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், வால் உடைந்த பெரிய கிளியும் உண்டு. நிறையைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் விளங்கும். சின்னது 110 முதல் 180 கிராம் வரை, பெரியது 200 முதல் 300 கிராம் வரை. இரண்டும் ஒரே கொப்பில் வந்து இருந்தால் கொப்பு எவ்வளவு பணிகிறது என்பதிலேயே தெரிந்துவிடும்.

ஆண், பெண் பிரிப்பது கழுத்தில். முதிர்ந்த ஆணுக்குத் தாடையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இரண்டு பக்கமும் கழுத்தைச் சுற்றிப் போகும், பிடரியில் ரோசா நிறப் பட்டி ஒன்று அதோடு சேரும். பெண்ணுக்கு இரண்டும் இல்லை. ஆனால் இந்த ஆரம் சாதாரண பச்சைக்கிளி ஆணுக்கும் இருக்கிறது, ஆகவே ஆரத்தைக் கண்டதும் இது பெரிய கிளி என்று சொல்லிவிடக் கூடாது. இளம் ஆணுக்கு ஆரம் வர இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை பார்வைக்குப் பெண் போலவே இருக்கும். நமது நாட்டுப் பறவைக்குக் கன்னத்திலும் பிடரியிலும் மெல்லிய நீலச் சாம்பல் சாயல் ஒன்றும் உண்டு. வாலின் மேல்பக்கம் பச்சையில் தொடங்கி நீலமாகி நுனியில் மஞ்சளாக முடியும், கீழ்ப்பக்கம் முழுக்க மஞ்சள். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் இதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு நிறமும் இந்த ஒரு உடம்பிலா என்று இருக்கும்.

இவ்வளவும் சொன்னாலும், இந்தக் கிளியை முதலில் கண்டுபிடிப்பது காதுதான். பச்சை இலைக்குள் பச்சைப் பறவை, அதுவும் சாப்பிடும்போது சத்தமே போடாது. கூட்டமே ஒரு ஆலமரத்துக்குள் இருந்து தின்றுகொண்டிருக்கும், கீழே நிற்கும் நமக்கு பழம் விழும் சத்தம் மட்டும் கேட்கும். பறக்கும்போதுதான் கத்தும். சாதாரண கிளியின் குரல் கீச்சென்று கூராக இருக்கும், பெரிய கிளி தொண்டைக்குள்ளிருந்து கரகரத்த குரலில் 'கீயாக்' என்று தாழ்த்திக் கத்தும். ஆட்கள் கதைப்பதில் ஆண் குரல், சிறுபிள்ளைக் குரல் என்று பிரித்தறிவோமே, அந்த அளவு வித்தியாசம். இரண்டு மூன்று தடவை கவனித்துக் கேட்டால் பிறகு வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லலாம். பறப்பிலும் வேறுபாடு உண்டு. சின்னது சிறகை மிக வேகமாக அடித்து, வளைந்து திரும்பி, மரங்களுக்கு இடையால் போகும். பெரியது சற்று ஆறுதலாக, ஆழமாகச் சிறகடித்து, உயரத்தில் நேராகப் போகும்.

நேரம் என்று பார்த்தால், விடிந்து ஒன்றரை இரண்டு மணித்தியாலம், பிறகு பின்னேரம் நாலரைக்குப் பின். மத்தியான வெயிலில் காட்டுக்குள் அடங்கிவிடும், அந்த நேரம் அலைவது வீண். பின்னேரத்தில் அவை இரவு தங்கும் உயர்ந்த மரங்களை நோக்கிச் சிறு சிறு கூட்டமாகப் போகும். ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரே பாதை, ஒரே நேரம். இன்று ஒரு கூட்டம் குளத்தின் எந்த மூலையால் கடந்தது என்று கண்டுவைத்தால், நாளைக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே அங்கே போய் இருக்கலாம். பறவையைத் துரத்திக்கொண்டு போவதை விட அதன் பாதையில் காத்திருப்பதுதான் சரியான முறை.

எங்கே என்று கேட்டால் நான் ஊர்ப் பெயரை விட மரத்தின் பெயரைத்தான் முதலில் சொல்வேன். பெரிய கிளிக்கு உயர்ந்த பழைய மரம் வேண்டும், சாப்பாடு வேண்டும், தண்ணீர் பக்கத்தில் வேண்டும். இது மூன்றும் சேர்ந்திருப்பது வன்னியில் குளத்தோரக் காட்டிலும் ஆற்றங்கரை மருத மரங்களிலும்தான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம், இவற்றின் கட்டும் கீழ்வயலும் காட்டு விளிம்பும் பார்க்கத் தகுந்த இடங்கள். மடுவைச் சுற்றிய காடு, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியின் இரண்டு பக்கம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் பெயர் கேட்ட குளமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் ஊர்ச் சின்னக் குளத்தில் நாலு பெரிய மருது நின்றால் அங்கேயே தொடங்குங்கள்.

மாதத்துக்கு மாதம் மரம் மாறும். பங்குனி, சித்திரையில் இலுப்பை பூக்கும், அந்தச் சதைப்பற்றான பூவையும் அதன் தேனையும் தேடி வரும். முள்முருக்கு பூத்தாலும் வரும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம், வன்னிச் சனத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, நாம் பழம் பொறுக்கப் போகும் அதே மரத்துக்குத்தான் கிளியும் வருகிறது, கரடியும் வருகிறது. பிறகு வேம்பு பழுக்கும், நாவல் பழுக்கும். ஆலும் அரசும் மரத்துக்கு ஒரு காலமாகப் பழுப்பதால் எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்றில் சாப்பாடு இருக்கும். தையில் காலபோக நெல் முற்றும்போது வயலுக்கு இறங்கும், சோளன் பால்பிடிக்கும்போது தோட்டத்துக்கு வரும். மிளகாயையும் விடாது. பறவைகளுக்கு மிளகாய் உறைப்புத் தெரியாது, நமக்கு வாய் எரியவைக்கும் பொருள் அவற்றின் நரம்பைத் தொடுவதில்லை.

மரத்தில் பறவை இல்லாவிட்டாலும் நிலத்தைப் பாருங்கள். கிளி சிக்கனமாகச் சாப்பிடும் பறவையே அல்ல. ஒரு பழத்தைக் கடித்து, இரண்டு வாய் தின்று, மிச்சத்தை விட்டெறியும், இலையோடு சின்னக் கொப்பை நறுக்கிப் போடும். பாதி தின்ற பழமும் பச்சை நறுக்கும் மரத்தடியில் பரவிக் கிடந்தால், இன்று காலையோ நேற்றோ வந்திருக்கிறது. குரங்கும் இப்படிப் போடும், ஆனால் குரங்கு கடித்ததில் பல் வரிசை தெரியும், கிளி கடித்ததில் வளைந்த ஒற்றை வெட்டுத்தான் இருக்கும்.

போகும்போது வெளிர் உடுப்பைத் தவிருங்கள், மண் நிறமோ கடும் பச்சையோ போதும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பிடியுங்கள், இல்லாவிட்டால் எல்லாக் கிளியும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். தொலைநோக்கி வாங்க வசதி இருந்தால் 8×42 அளவு நல்லது, அதற்கு மேல் பெருக்கம் கூடினால் கை நடுக்கத்தில் படம் ஆடும். இல்லாவிட்டால் பரவாயில்லை, நல்ல காதும் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். போனில் கிளிச் சத்தத்தைப் போட்டு வரவழைக்கும் பழக்கம் இப்போது கூடிவிட்டது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடைகாத்துக்கொண்டிருக்கும் பறவை வெளியே வந்து எதிரியைத் தேடும், அந்த நேரம் முட்டை சூடில்லாமல் கிடக்கும். வயல் காவலுக்கு இருப்பவர்களிடம் கேளுங்கள். 'அண்ணை, பெரிய கிளி எந்தப் பக்கத்தால வாறது?' என்று கேட்டால், எத்தனை மணிக்கு எந்த மரத்தில் இறங்கும் என்பது வரை சொல்லுவார்கள். அவர்களை விட நன்றாகக் கிளியைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை.

இனி, வன்னியில் காட்டுக்குப் போகிறவருக்குச் சொல்லியே ஆகவேண்டிய விடயம். மண்டையோடு போட்ட, கண்ணிவெடி இருப்பதாக எச்சரிக்கும் சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்குள் ஒரு அடிகூட வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து பழகிய தடத்தை விட்டு இறங்காதீர்கள், புதிதாக நாமே பாதை வெட்டிப் போகும் வேலை வேண்டாம். நிலத்தில் இரும்பாக எது கிடந்தாலும் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பிப் போய் அறிவியுங்கள். அடுத்தது யானை. புது இலத்தி, முறித்த கொப்பு, தண்ணீர்க் கரையில் காலடி தெரிந்தால் அன்றைக்குக் கட்டிலேயே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். பின்னேரம் பார்க்கப் போனால் இருட்ட முன் வீதிக்கு வந்துவிட வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஊராள் ஒருவர் இல்லாமல் உள்ளே போகவே கூடாது. வனத் திணைக்களத்தின் காடு என்றால் அனுமதி எடுத்துத்தான் போக வேண்டும்.

கூடு பார்க்கிற விடயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியம். நவம்பர் தொட்டு ஏப்ரல் வரையான காலத்தில் இவை முட்டையிடும். கூடு கட்டாது, பொந்துதான். உயர்ந்த மரத்தில் இயற்கையாக உண்டான பொந்தையோ மரங்கொத்தி குடைந்ததையோ எடுத்துச் சொண்டால் கடித்துப் பெரிதாக்கும், சில வேளை தானே குடையும். தலை போன பனையிலும் தென்னையிலும் கூட இருக்கும். போரில் வட்டு அறுந்து மொட்டையாக நின்ற பனைகளில் கிளியும் மைனாவும் குடியிருந்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். மரத்தடியில் புது மரத்தூளும் சிராயும், தச்சன் வேலை செய்த இடம் போலக் கிடந்தால் மேலே பொந்து தயாராகிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஆண் தன் தொண்டையிலிருந்து சாப்பாட்டை எடுத்துப் பெண்ணுக்கு ஊட்டும். பொந்துக்குள் தும்பு, புல் என்று எதுவும் போடாது, கடித்த மரத்தூளின் மேலேயே இரண்டு தொடக்கம் நாலு வெள்ளை முட்டை. அடைகாப்பது 24 நாள் அளவு, குஞ்சு பறக்க ஏழு கிழமை அளவு ஆகும், அதற்குப் பிறகும் சில கிழமைகள் தாய் தகப்பனோடு திரியும்.

இதற்கு எவ்வளவு பெரிய மரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பருமனான பறவை குஞ்சுகளோடு புழங்கும் பொந்து ஒரு இளம் மரத்தில் வராது. பட்டுப்போன பாலை, உள்ளே கோறையான முதிரை, நடுவில் உக்கிய மருது, இவைதான் வீடு. நாம் 'இது சும்மா நிற்கிற பட்ட மரம், விறகுக்காவது ஆகும்' என்று வெட்டிவிடுகிறோம். உங்கள் காணியில் ஆபத்தில்லாத இடத்தில் அப்படி ஒரு மரம் நின்றால் விட்டுவிடுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வைகாசிக்குப் பிறகு, பொந்தில் போக்குவரவு இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டு வெட்டுங்கள். பொந்தைப் பார்க்கும்போது ஐம்பது மீற்றராவது தள்ளி இருங்கள். பெண் தலையை வெளியே நீட்டி உள்ளே இழுத்து, திரும்ப நீட்டிக்கொண்டே இருந்தால், அல்லது ஆண் சாப்பாட்டோடு வந்து பொந்துக்குப் போகாமல் பக்கத்து மரத்தில் நின்று கத்தினால், நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள், பின்னுக்கு வாருங்கள்.

குஞ்சு எடுப்பவர்கள் தேடுவதும் இதே பொந்தைத்தான். அலெக்சாண்டர் பஞ்சாப் வரை வந்து திரும்பிய காலத்தில் இந்தக் கிளிகள் கிரேக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டன என்பார்கள், ஆங்கிலத்தில் இதற்கு இன்றும் அவர் பெயர்தான். அப்படிப் பார்த்தால் 2300 வருடமாக இந்தப் பறவை கூண்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பேசும், பழகும், நீண்ட காலம் இருக்கும் என்பதுதான் அதன் கேடு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறுத்தலை அண்மித்த இனம் என்று வகைப்படுத்தியிருப்பதற்குக் காடழிவோடு குஞ்சு பிடிப்பதும் ஒரு முக்கிய காரணம். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். எனவே பொந்து இருக்கும் மரத்தைப் படம் எடுத்தால் இடத்தின் பெயரோடு பேஸ்புக்கில் போடாதீர்கள், வட்சப் குழுவிலும் போடாதீர்கள். படத்தில் பின்னால் கோயிலோ குளத்துத் துருசோ தெரிந்தால் அதுவே வழிகாட்டிவிடும். பறவையைப் போடுங்கள், வீட்டைப் போடாதீர்கள்.

காற்றுக்கு விழுந்த குஞ்சு கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. இறகு முளைத்த குஞ்சு என்றால் பூனை, நாய் எட்டாத கொப்பில் வைத்துவிட்டுத் தூரப் போங்கள், தாய் வந்து ஊட்டும். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பிழையான நம்பிக்கை. இறகே இல்லாத குஞ்சு என்றால், பாதுகாப்பாக ஏற முடியுமானால் அதே பொந்தில் வைக்கலாம், முடியாவிட்டால் ஒரு பெட்டியில் துணி விரித்து இருட்டாக, சூடாக வைத்துக்கொண்டு வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பாலும் பால் நனைத்த பாணும் கொடுக்க வேண்டாம், அதை அதன் வயிறு ஏற்காது.

வயல்காரருக்கு இதெல்லாம் ஒரு பக்கம், இழப்பு ஒரு பக்கம். கதிர் முற்றும் இரண்டு மூன்று கிழமைதான் கடினமான காலம், அதில் விடியலும் பின்னேரமும் ஆள் நின்றால் பெரும்பகுதி தப்பும். பழைய கசெற் நாடாவை வரம்புக்கு வரம்பு இழுத்துக் கட்டினால் காற்றில் மினுங்கி இரையும், கிளி இறங்கத் தயங்கும், ஆனால் ஒரே இடத்தில் விட்டுவைத்தால் பழகிவிடும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் மாற்றிக் கட்ட வேண்டும். கொய்யா, மாதுளை மாதிரி வீட்டு மரத்துக்கு வலை போடலாம், கண் சிறிய வலையாக, தொய்யாமல் இழுத்துக் கட்டினால் பறவை சிக்காது. நஞ்சு வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அது கிளியோடு நிற்காது, மயிலும் புறாவும் வீட்டுக் கோழியும் போகும்.

இலங்கையில் மொத்தம் ஐந்து வகைக் கிளி. மிச்ச மூன்றையும் பார்க்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் தெற்கே ஈரவலயத்துக்கும் மலையடிவாரத்துக்கும் போக வேண்டும். ஆணுக்குத் தலை செந்நீலமாக இருக்கும் செந்தலைக்கிளி, இலங்கையில் மட்டுமே உள்ள சாம்பல் நீலத் தலைக்கிளி, அதேபோல் இங்கு மட்டும் உள்ள, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவான, தலைகீழாகத் தொங்கி நித்திரை கொள்ளும் சின்னத் தொங்குகிளி. வன்னியில் செந்தலை கண்டேன் என்று யாராவது சொன்னால் படம் கேளுங்கள்.

பார்த்ததை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்: திகதி, நேரம், குளம், எத்தனை, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம், என்ன மரத்தில் என்ன தின்றது. போனில் ஈபேர்ட் செயலி இலவசம், அதிலும் பதியலாம், கூட்டின் இடத்தைத் தவிர. சிவப்புத் தோளை நீங்களே கண்டால் மட்டும் பெரிய பச்சைக்கிளி என்று எழுதுங்கள். குரல் மட்டும் கேட்டிருந்தால் குரல் என்று பக்கத்தில் குறியுங்கள், இரண்டும் இல்லை என்றால் வெறுமனே கிளி என்று எழுதினால் போதும்.